பிசிஎல்11ஏ-வை அணைத்தால் ஆபத்தில்லையா? சிக்கிள் செல் நோயும் ஒரு புரதமும்

கேள்வி இது: அக்கா மகனுக்கு ஏழு வயது, சிக்கிள் செல் நோய். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கை கால் வலி வந்து துடிக்கிறான். வெளிநாட்டில் பிசிஎல்11ஏ என்ற மரபணுவை அணைத்து இந்த நோயைக் குணப்படுத்துகிறார்கள் என்று படித்தோம். உடம்பில் ஒரு மரபணு காரணமில்லாமலா இருக்கும், அதை அணைத்தால் வேறு கெடுதல் வராதா? இங்கே அந்தச் சிகிச்சை கிடைக்குமா? கிடைக்கும் வரை காத்திருக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். காத்திருக்க வேண்டாம். அந்தப் புதிய சிகிச்சை எதைச் சாதிக்கிறதோ அதில் ஒரு பகுதியைச் சாதிக்கிற, விலை குறைந்த மாத்திரை ஒன்று இங்கேயே கிடைக்கிறது, பையன் இன்னும் அதைத் தொடங்கவில்லை என்றால் இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது பிசிஎல்11ஏ என்ன செய்கிறது என்று புரிந்தால் தானாகத் தெரிந்துவிடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்த ஒரு மூலக்கூறு. பெரியவர்களிடம் அது இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. சிக்கிள் செல் நோயில் பீட்டா சங்கிலியின் மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருக்கிறது, அதனால் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் வரவேண்டிய இடத்தில் வேலின் வந்துவிடுகிறது. அவ்வளவு சின்ன மாற்றம்தான். ஆனால் அந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி நீள நீளமான இழைகளாகிவிடும், வட்டத் தட்டாக வளைந்து கொடுக்கவேண்டிய சிவப்பணு விறைத்து அரிவாள் வடிவத்துக்குப் போய்விடும், அது சிறிய ரத்தக் குழாய்களை அடைக்கும். அந்த அடைப்புதான் உங்கள் பையனின் வலி. அந்த அணுக்கள் சீக்கிரம் உடைந்துபோவதுதான் அவனுடைய ரத்தசோகை. இந்த நோயை 1910-இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் முதலில் மருத்துவ இதழில் எழுதினார். 1949-இல் லைனஸ் பாலிங் குழு இது ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே உள்ள கோளாறு என்று காட்டியது. மாறியது ஒரே ஒரு அமினோ அமிலம் என்று வெர்னன் இங்க்ராம் 1950-களின் நடுவில் கண்டுபிடித்தார். காரணம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தும், அதை வைத்து நோயாளிக்கு ஒரு சிகிச்சை வர அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்த சிகிச்சையும் அந்த ஒற்றை எழுத்தைத் திருத்துவதாக இல்லை, வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்தது.

அந்தப் பக்கம் எது என்பதற்கான முதல் தடயம் 1948-இலேயே கிடைத்திருந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் குழந்தை மருத்துவராக இருந்த ஜேனட் வாட்சன் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: சிக்கிள் செல் நோயோடு பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்கள் வரை ஒரு தொந்தரவும் இல்லை, அவர்களுடைய சிவப்பணுக்கள் அரிவாளாக வளைவது குறைவு. காரணம் கருவில் இருக்கும்போது நாம் தயாரிக்கிற ஹீமோகுளோபின் வேறு என்பதுதான். அதில் பீட்டாவுக்குப் பதில் காமா என்ற சங்கிலி இருக்கும். இதைக் கரு ஹீமோகுளோபின் என்கிறோம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எச்பிஎஃப் என்று போட்டிருப்பார்கள். தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள அது வசதியானது. பிறந்த பிறகு உடம்பு மெதுவாகக் காமாவை நிறுத்திப் பீட்டாவைத் தொடங்குகிறது, ஒரு வயது தாண்டும்போது பெரும்பாலானவர்களிடம் கரு ஹீமோகுளோபின் ஓரிரு சதவீதத்துக்கு வந்துவிடும். காமா சங்கிலியில் சிக்கிள் பிழை கிடையாது, ஏனென்றால் அது வேறு மரபணு. அது மட்டுமில்லை, காமா உள்ள ஹீமோகுளோபின் நடுவில் கலந்திருந்தால் பிழையுள்ள ஹீமோகுளோபின்கள் இழையாகக் கோத்துக்கொள்வதையே அது தடுக்கும். குழந்தைக்கு ஆறு மாதம் வரை நோய் தெரியாமல் இருந்து, அப்புறம் கை விரல்கள் வீங்கி அழ ஆரம்பிக்கிறதே, அந்தத் தாமதத்துக்கு இதுதான் காரணம். நோய் புதிதாக வரவில்லை, அதுவரை காப்பாற்றிக்கொண்டிருந்த ஒன்று நின்றுபோகிறது.

சிலருக்கு மட்டும் அது நிற்பதே இல்லை. பெரியவர்களான பிறகும் இருபது, முப்பது சதவீதம் வரை கரு ஹீமோகுளோபினோடு இருக்கும் குடும்பங்கள் உண்டு. இந்த நிலையை 1955-இல் கானாவில் பார்த்து எழுதிய இருவரில் ஒருவர் ஹெர்மன் லேமன். அதே லேமன்தான் 1952-இல் மேரி கட்புஷ் என்பவரோடு சேர்ந்து, நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் பண்பு இருப்பதை முதன்முதலாகப் பதிவு செய்தவர். இந்தியாவில் இந்த நோயின் அறிவியல் வரலாறே நீலகிரியில்தான் தொடங்குகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்படிக் கரு ஹீமோகுளோபின் நிற்காமல் தொடரும் ஆட்கள் முழு ஆரோக்கியமாக இருக்கிறார்கள், பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள், ஒரு குறையும் இல்லை. அவர்களில் யாராவது சிக்கிள் மரபணுவையும் சேர்த்துப் பெற்றிருந்தால், கிட்டத்தட்ட நோயே தெரிவதில்லை. இயற்கை தானே செய்து காட்டிய பரிசோதனை இது. அப்போதிருந்து ரத்தவியல்காரர்கள் எல்லோர் மனதிலும் ஒரே கேள்வி: காமாவை நிறுத்துவது எது? அதைப் பிடித்துவிட்டால் இந்த நோயையும் பீட்டா தலசீமியாவையும் ஒரே அடியில் கையாளலாமே.

தலசீமியாவிலும் இதே கணக்குதான். அங்கே பீட்டா சங்கிலி பிழையாக இருப்பதில்லை, குறைவாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. ஜோடி கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் படிந்து அணுவைக் கொன்றுவிடும். காமா இருந்தால் அந்த ஆல்ஃபாவோடு அது ஜோடி சேர்ந்துகொள்ளும். இலங்கையில் எச்பிஇ பீட்டா தலசீமியா (பீட்டா சங்கிலியின் ஒரு பிரதியில் எச்பிஇ என்ற மாற்றம், இன்னொன்றில் தலசீமியா) நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே வகை மரபணுப் பிழை இருந்தும் ஒருவர் ரத்தம் ஏற்றாமலே வாழ்கிறார், இன்னொருவருக்கு மாதாமாதம் ஏற்றவேண்டியிருக்கிறது. அந்த வித்தியாசத்துக்கான காரணங்களில் கரு ஹீமோகுளோபினின் அளவும் ஒன்று.

பல பத்தாண்டுகள் அந்த 'நிறுத்தும் ஆளை' ஹீமோகுளோபின் மரபணுக்கள் இருக்கும் 11-ஆம் குரோமோசோமின் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தார்கள். விடை வந்தது 2-ஆம் குரோமோசோமிலிருந்து. 2007-இல் லண்டனில் ஸ்வீ லே தெய்ன் குழு, யாருக்குக் கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்கிறது, யாருக்குக் குறைவு என்று பார்த்து, அவர்களுடைய மரபணுத் தொகுதி முழுவதிலும் எந்த எழுத்து மாற்றங்கள் அதோடு சேர்ந்து வருகின்றன என்று தேடியது. பிசிஎல்11ஏ என்ற மரபணுவில் வந்து நின்றது. அடுத்த வருடமே சார்டினியாத் தீவின் மக்களிடம் நடந்த ஆய்வும் அதே இடத்தைக் காட்டியது. இதில் யாரும் எதிர்பார்க்காத விஷயம், பிசிஎல்11ஏ அதற்கு முன்பே வேறு ஒரு காரணத்துக்காகத் தெரிந்த பெயர். ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் அந்த மரபணு இடம் மாறி ஒட்டிக்கொள்வதைப் பார்த்துத்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். சிவப்பணுவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. 2008-இல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்க்கினின் ஆய்வகத்தில், அப்போது மாணவராக இருந்த விஜய் சங்கரன், மனித சிவப்பணுவாக மாறப்போகும் செல்களில் பிசிஎல்11ஏ-வைக் குறைத்துப் பார்த்தார். காமா ஏறியது. நிறுத்தும் ஆள் கிடைத்துவிட்டது. 2011-இல் அதே குழு, சிக்கிள் நோய் உள்ள எலிகளில், சிவப்பணுவாக வளரும் செல்களில் மட்டும் இந்த ஒரு மரபணுவை மட்டும் எடுத்துவிட்டது, எலிகளின் நோய் சரியாகிவிட்டது.

இந்தப் புரதம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் 'அணைப்பது' என்றால் என்ன என்பது அங்கேதான் விளங்கும். மரபணுக்களை ஏவுகிற அல்லது அடக்குகிற புரதங்கள் நம் உடம்பில் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை டிஎன்ஏ-வில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப்போய் உட்காரும். பிசிஎல்11ஏ அடக்குகிற வகை. அதில் துத்தநாக அணுவைப் பிடித்துக்கொண்டு விரல் மாதிரி நீண்டிருக்கும் பகுதிகள் இருக்கின்றன, அந்த விரல்களால் டி-ஜி-ஏ-சி-சி-ஏ என்ற ஆறெழுத்து வரிசையைப் பிடிக்கிறது. காமா மரபணு தொடங்கும் இடத்துக்கு 115 எழுத்து முன்னால் அந்த வரிசை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, மரபணுவைச் சுருட்டி மூடிவைக்கும் ஒரு புரதக் கூட்டத்தையும் கூட்டி வருகிறது. காமா மூடிக்கொள்கிறது, பக்கத்தில் இருக்கும் பீட்டாவுக்கு வழி கிடைக்கிறது. இதை 2018-இல்தான் தெளிவாகக் காட்டினார்கள். காட்டியதும் பழைய முடிச்சு ஒன்று அவிழ்ந்தது: கரு ஹீமோகுளோபின் நிற்காத குடும்பங்கள் சிலவற்றில் சரியாக அந்த 115-ஆம் இடத்தை ஒட்டித்தான் எழுத்து மாறியிருந்தது, பிசிஎல்11ஏ உட்கார இடமில்லாமல் போயிருந்தது. இன்னும் சில குடும்பங்களில் 200-ஆம் எழுத்தை ஒட்டி மாற்றம், அது இசட்பிடிபி7ஏ என்ற இன்னொரு அடக்கும் புரதத்தின் இருக்கை. மால்டாவில் ஒரு குடும்பத்தில் வேறு மாதிரி, பிசிஎல்11ஏ-வை ஏவிவிடும் கேஎல்எஃப்1 என்ற புரதத்தின் ஒரு பிரதி கெட்டுப்போயிருந்தது, அதனால் பிசிஎல்11ஏ-வே குறைந்து காமா ஏறியிருந்தது. கானாவிலும் மால்டாவிலும் லண்டனிலும் வெவ்வேறு காலத்தில் ரத்தம் கொடுத்த மனிதர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே வழியைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒரு மரபணு காரணமில்லாமல் இருக்காது என்று கேட்டது முழுக்கச் சரி. பிசிஎல்11ஏ-வுக்குச் சிவப்பணுவில் மட்டும் வேலை இல்லை. எதிர்ப்புச் சக்தியைத் தரும் பி செல்கள் உருவாக அது வேண்டும். அந்த மரபணுவை முழுவதும் எடுத்துவிட்ட எலிக்குட்டிகளுக்கு பி செல்களே இல்லை, பிறந்த உடனேயே இறந்தும் போயின. எல்லா ரத்த அணுக்களையும் உண்டாக்கும் ரத்த ஸ்டெம் செல்கள் தளர்ந்துபோகாமல் இருப்பதற்கும் அது தேவை. எல்லாவற்றுக்கும் மேல் மூளை. மனிதர்களில் பிறக்கும்போதே பிசிஎல்11ஏ-வின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டிருந்தால் அறிவு வளர்ச்சியிலும் பேச்சிலும் தாமதம் ஏற்படுகிறது, சிலருக்கு ஆட்டிசம் சார்ந்த அறிகுறிகளும் வருகின்றன. 2016-இல் இதை டயஸ்-லோகன் சின்ட்ரோம் என்று தனியாக அடையாளம் கண்டார்கள். அந்தக் குழந்தைகளின் ரத்தத்தைப் பார்த்தால் கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருக்கிறது. அதாவது ஒரே குறைபாடு மூளைக்குத் தீங்காகவும், சிவப்பணுவைப் பொறுத்தவரை ஒரு தீங்கும் இல்லாமலும் இருக்கிறது. இன்னொரு பக்கம் இதே புரதம் அளவுக்கு மீறினாலும் கெடுதல்தான், சில ரத்தப் புற்றுநோய்களிலும், ட்ரிப்பிள் நெகட்டிவ் வகை மார்பகப் புற்றுநோயிலும் அது அதிகமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆக இதை உடம்பு முழுக்க அணைக்கிற மருந்து ஒன்று வந்தால், நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் இப்போது செய்வது அதுவல்ல. 2013-இல் ஆர்க்கின் குழுவில் டேனியல் பாவரும் மற்றவர்களும் கவனித்தது இது. ஆரோக்கியமான ஆட்களில் கரு ஹீமோகுளோபினைக் கூட்டிக் குறைக்கும் அந்த எழுத்து மாற்றங்கள் பிசிஎல்11ஏ புரதத்தின் செய்முறை எழுதியிருக்கும் பகுதியில் இல்லை, மரபணுவின் நடுவே, புரதமாக மாறாத ஒரு இடைப்பகுதியில் இருந்தன. அந்தத் துண்டு, சிவப்பணு உருவாகும் வரிசையில் மட்டும் பிசிஎல்11ஏ-வைத் தூக்கிவிடும் ஏவல் பகுதி. ஒரு வீட்டுக்குள் வரும் மின்சாரத்தைத் துண்டிக்காமல், ஒரே ஒரு அறையின் சுவிட்சை மட்டும் கழற்றிவிட்டால் மற்ற அறைகளில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் இல்லையா, அதுபோல இந்தத் துண்டைக் கெடுத்தால் சிவப்பணுவில் மட்டும் பிசிஎல்11ஏ இறங்கும், பி செல்லில் அப்படியே இருக்கும். 2015-இல் அந்த ஏவல் பகுதியை எழுத்து எழுத்தாகக் கிரிஸ்பர் என்ற, டிஎன்ஏ-வை வேண்டிய இடத்தில் வெட்டும் கத்தரி கொண்டு வெட்டிப் பார்த்து, எந்த இடத்தில் ஒரு வெட்டு போட்டால் அதிகப் பலன் என்று கண்டுபிடித்தார்கள். கேடா1 என்ற ஏவும் புரதம் வந்து உட்காருகிற இடம் அது. மொத்தச் சிகிச்சையும் அந்த ஒரு இடத்தில் போடும் ஒரு வெட்டில்தான் நிற்கிறது. மூளையைப் பற்றி இன்னும் ஒரு ஆறுதல்: வெட்டு உடம்புக்குள் நடப்பதே இல்லை. எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் வெட்டி, திரும்ப ஏற்றுகிறார்கள். மூளைச் செல்லை அந்தக் கத்தரி தொடுவதே கிடையாது.

நோயாளியிடம் இது எப்படி வேலை செய்தது? அமெரிக்காவில் மிசிசிப்பியைச் சேர்ந்த விக்டோரியா கிரே என்ற பெண்மணிக்கு 2019 ஜூலையில் நாஷ்வில் நகரத்தில் இந்தச் செல்களை ஏற்றினார்கள், அங்கே சிக்கிள் நோய்க்காக இதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். வலியால் அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர், அதன் பிறகு கடும் வலியில்லாமல் வாழ்கிறார். கேஸ்கெவி என்ற பெயரில் பிரிட்டன் 2023 நவம்பரிலும், அமெரிக்கா அதே டிசம்பரிலும் இதற்கு அனுமதி கொடுத்தன, உலகத்தில் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் சிகிச்சை இது. 2024-இல் வெளியான முடிவுகளின்படி, போதுமான காலம் பின்தொடரப்பட்ட 30 சிக்கிள் நோயாளிகளில் 29 பேருக்குக் குறைந்தது ஒரு வருடம் கடுமையான வலித் தாக்குதல் ஒன்றுகூட வரவில்லை. ரத்தம் ஏற்றியே வாழ்ந்த 35 தலசீமியா நோயாளிகளில் 32 பேர் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். சிக்கிள் நோயாளிகளின் ஹீமோகுளோபினில் சுமார் 40 சதவீதம் கரு வகையாக மாறியிருந்தது. பிழையுள்ள எழுத்து இன்னும் அவர்கள் செல்லுக்குள் அப்படியேதான் இருக்கிறது, அதைக் காமா செயலிழக்க வைத்துவிட்டது.

இனிக் கஷ்டமான பக்கம். திருத்திய செல்களுக்கு மஜ்ஜையில் இடம் வேண்டும் என்பதற்காக முதலில் பழைய மஜ்ஜையை புசல்ஃபான் என்ற கீமோதெரபி மருந்தால் காலி செய்கிறார்கள். வாய்ப்புண், முடி உதிர்வு, வாரக்கணக்கில் எதிர்ப்புச் சக்தியே இல்லாத நிலை, பிற்காலத்தில் குழந்தை பெறும் திறன் போய்விடும் அபாயம், எல்லாம் அந்த மருந்தால்தான் வருகின்றன, பிசிஎல்11ஏ-வை வெட்டியதால் அல்ல. செல்களைச் சேகரிக்கவே பல முறை ஆஸ்பத்திரி போகவேண்டும், திருத்தித் தயாரிக்க மாதங்கள் ஆகும், ஏற்றிய பிறகு ஒரு மாதத்துக்கு மேல் உள்ளேயே இருக்கவேண்டும். வேறு இடத்தில் தவறி வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சிகிச்சை பெற்றவர்களைப் பதினைந்து வருடம் பின்தொடர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அனுமதி கிடைத்தபோது 12 வயது நிரம்பியவர்களுக்குத்தான் கிடைத்தது, உங்கள் பையனுக்கு ஏழு. அப்புறம் விலை, அமெரிக்காவில் 22 லட்சம் டாலர், நம் பணத்தில் 18 கோடி ரூபாய்க்கு மேல். இந்த நோயோடு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கிறார்கள், இங்கே வழக்கமான சிகிச்சையாக இது கிடைப்பதில்லை. கானாவின் ரத்தத்திலிருந்து தொடங்கிய அறிவு கானாவுக்கே எட்டாத விலையில் வந்து நிற்பது அநியாயம் என்று நினைக்கிறேன், இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லவேண்டும்.

காமாவை பிசிஎல்11ஏ இப்படி அடக்குவதை வேறு வழிகளில் தளர்த்தவும் முயல்கிறார்கள். டிஎன்ஏ-வை வெட்டாமல் பிசிஎல்11ஏ-வின் ஆர்என்ஏ-வை (மரபணுவிலிருந்து புரதம் செய்ய எடுக்கும் நகல்) மட்டும் சிவப்பணு வரிசையில் அழிக்கும் வைரஸ் வழி முறையை பாஸ்டனில் ஆறு நோயாளிகளிடம் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள், பலன் இருந்தது. டிஎன்ஏ-வின் இரண்டு இழைகளையும் வெட்டாமல் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, பிசிஎல்11ஏ உட்காரும் அந்த 115-ஆம் இருக்கையையே இல்லாமல் செய்யும் முறைகள் பரிசோதனையில் இருக்கின்றன. இந்த எழுத்து மாற்றும் முறையில் நம் வேலூரில் உள்ள ஸ்டெம் செல் ஆய்வு மையமும் வேலை செய்கிறது. காமா மரபணுவின் முன்பகுதியில் எந்தெந்த எழுத்தை மாற்றினால் காமா ஏறும் என்று வரிசையாகத் தேடிப் பார்த்து 2022-இல் வெளியிட்டார்கள். ஆனால் நான் அதிகம் எதிர்பார்ப்பது மாத்திரைகளைத்தான். 2024-இல் விஸ் என்ற இன்னொரு அடக்கும் புரதத்தைச் செல்லே அழித்துவிடும்படி செய்யும் ஒரு சிறு மூலக்கூறைப் பற்றி வெளியிட்டார்கள், எலியிலும் குரங்கிலும் கரு ஹீமோகுளோபின் ஏறியது. மஜ்ஜையைக் காலி செய்யத் தேவையில்லாமல், கூடலூரிலோ ஒடிசாவின் கோரபுட்டிலோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கக்கூடிய ஒன்றாக இது மாறினால்தான் லட்சக்கணக்கான பேருக்குப் பிரயோஜனம்.

சரி, உங்கள் பையன். நான் முதலில் சொன்ன மாத்திரை ஹைட்ராக்சியூரியா. புற்றுநோய்க்குப் பயன்பட்ட பழைய மருந்து, சிக்கிள் நோய்க்கு அமெரிக்காவில் 1998-இல் அனுமதி கிடைத்தது. அது பிசிஎல்11ஏ-வை நேராகப் பிடிப்பதில்லை, மஜ்ஜை செல்கள் பிரிவதைக் கொஞ்சம் தடுத்து, அதன் விளைவாகக் காமா உள்ள சிவப்பணுக்களைக் கூடுதலாக வரவைக்கிறது. போய்ச்சேரும் இடம் அதே கரு ஹீமோகுளோபின்தான். 1995-இல் வந்த பெரிய ஆய்வில் பெரியவர்களின் வலித் தாக்குதல் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது, பிறகு ஒன்பது மாதக் குழந்தைகள் வரை கொடுத்துப் பாதுகாப்பைப் பார்த்திருக்கிறார்கள். புற்றுநோய் மருந்தாச்சே என்று வீட்டில் பயப்படுவார்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் சிக்கிள் நோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, வெள்ளையணுவும் தட்டணுவும் இறங்குகிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுப்பார்கள். தினமும் கொடுக்கவேண்டும். வலி வந்தால் மட்டும் கொடுத்தால் பலன் கிடையாது, இதில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊர்க் குழந்தைகளுக்கு ஒரு சாதகமும் உண்டு. இந்தியாவில் பரவியிருக்கும் சிக்கிள் மரபணு, அரபு-இந்திய வகை என்று சொல்லப்படும் டிஎன்ஏ பின்னணியில் வருகிறது. அதில் காமா மரபணுவுக்கு 158 எழுத்து முன்னால் ஒரு மாற்றம் கூடவே இருக்கும், அதனால் கரு ஹீமோகுளோபின் ஆப்பிரிக்க வகைகளைவிட அதிகம், நோயும் சராசரியாக மிதம். ஆனால் மிதம் என்ற சொல்லை நம்பி அசட்டையாக இருக்கக்கூடாது, மகாராஷ்டிராவின் விதர்ப்பா பக்கம் கடுமையான நோயோடு இருக்கும் குழந்தைகளைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. ஒரே வகைப் பின்னணி இருந்தும் ஏன் இந்த வித்தியாசம் என்றால், கரு ஹீமோகுளோபினின் அளவை அந்த 158-ஆம் எழுத்தோடு சேர்த்து பிசிஎல்11ஏ-வில் உள்ள மாற்றங்களும் 6-ஆம் குரோமோசோமில் உள்ள இன்னொரு இடமும் ஆளுக்கு ஆள் ஏற்றி இறக்குகின்றன. உங்கள் பையனுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வலி வருகிறது என்றால் அவன் மிதமான கூட்டத்தில் இல்லை. அவனுடைய எச்பிஎஃப் எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் பாருங்கள், ஹைட்ராக்சியூரியா தொடங்கி சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள், அந்த எண் ஏறுவதை நீங்களே பார்க்கலாம்.

அக்காவுக்குச் சொல்லவேண்டியவை: காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவேண்டாம், இவர்களுடைய மண்ணீரல் சின்ன வயதிலேயே பழுதாகிவிடுவதால் நிமோனியா கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும், நேராக ஆஸ்பத்திரி. நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். திடீரென்று வெளுத்துப்போய் வயிற்றின் இடப்பக்கம் வீங்கினாலோ, நெஞ்சுவலியோடு மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ அதுவும் உடனே போகவேண்டியதுதான். இரண்டிலிருந்து பதினாறு வயது வரை வருடத்துக்கு ஒரு முறை தலையின் ரத்தக் குழாய்களுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் பக்கவாதம் வரக்கூடிய குழந்தையை முன்கூட்டியே பிடிக்கலாம், இதை யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேட்கவேண்டும்.

பையனுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் எச்எல்ஏ பொருத்தம், அதாவது ஒருவருடைய மஜ்ஜையை இன்னொருவர் உடம்பு ஏற்குமா என்று காட்டும் திசுப் பொருத்தம் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பொருந்தினால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை இந்த வயதில் நல்ல பலன் தரும், வேலூர் சிஎம்சியில் தலசீமியாவுக்கு 1986-இலிருந்தே செய்கிறார்கள். அதிலும் கீமோதெரபி உண்டு, அபாயம் உண்டு, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, கேஸ்கெவியின் விலையில் மிகச் சிறிய பங்குதான் ஆகும்.

மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். நீலகிரிப் பக்கம் என்றால் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் இந்த நோயாளிகளைப் பல வருடமாகத் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். நீங்கள் அக்காவின் உடன்பிறப்பு என்பதால் உங்களுக்கும் அந்த மரபணுவின் ஒரு பிரதி இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒரு பிரதி இருப்பவருக்கு நோய் வராது. ஆனால் கல்யாணம் செய்யப்போகிறவரும் அப்படி ஒரு பிரதியோடு இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு நோயோடு பிறக்கும். எச்பிஎல்சி என்று கேட்டால் ஒரே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பையனை அழைத்துப்போகும் அன்றே உங்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.